கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு முறை கிரேக்க நாடகங்களை வாய்விட்டுப் படிக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது பெரும்பாலும் அந்த நாடகங்களில் வரும் பெண்களைப் பற்றித்தான். ஒவ்வொரு தடவையும் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். படிக்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் கவனியுங்கள், அது கதவு. ஆடுகளத்துக்குப் பின்னால் ஒரு கட்டடம், அதன் நடுவில் ஒரு கதவு, அதுதான் வீடு அல்லது அரண்மனை. அந்தக் கதவு வழியாக எந்தப் பெண் வெளியே வருகிறாள், யாரிடம் என்ன சொல்லிக்கொண்டு வருகிறாள், எப்படி உள்ளே போகிறாள் என்று பார்த்தாலே பாதி நாடகம் பிடிபட்டுவிடும். என் பதில்கள் பலவும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

எந்தக் காலத்து நாடகங்கள் இவை?

கி.மு. 5-ஆம் நூற்றாண்டு, ஏதென்ஸ். வசந்த காலத்தில் டயோனிசஸ் தெய்வத்துக்கு எடுத்த விழாவில், அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் இருந்த திறந்தவெளி அரங்கத்தில், மூன்று கவிஞர்கள் போட்டி போடுவார்கள். எழுதியவர்கள் பலர். ஆனால் முழுசாக நம் கைக்கு வந்து சேர்ந்தவை ஈஸ்கிலஸ், சோஃபோக்ளிஸ், யூரிப்பிடிஸ் ஆகிய மூவர் பெயரில் உள்ளவை மட்டுமே, 30-க்குக் கொஞ்சம் மேல். அவற்றில் பெண் பாத்திரமே இல்லாத துன்பியல் நாடகம் ஒன்றே ஒன்றுதான், சோஃபோக்ளிஸின் 'ஃபிலொக்டீட்டிஸ்'. பாதிக்கு மேற்பட்ட நாடகங்களில் பாடி ஆடும் கோரஸும் பெண்கள்தான்.

பெண் வேடங்களில் பெண்கள் நடித்தார்களா?

இல்லை. எழுதியவர், நடித்தவர், கோரஸில் ஆடியவர், பரிசு கொடுத்த நடுவர், எல்லாரும் ஆண்கள். முகமூடியும் நீண்ட அங்கியும் போட்டு ஆண்களே பெண் வேஷம் கட்டினார்கள். பேசும் நடிகர்கள் அதிகபட்சம் மூன்று பேர் என்பதால் ஒருவரே பல வேடம் போட வேண்டியிருந்தது. சோஃபோக்ளிஸின் 'டிராக்கிஸ் பெண்கள்' நாடகத்தில் மனைவி டியனீராவும் கணவன் ஹெரக்ளீஸும் கடைசி வரை மேடையில் சந்திப்பதே இல்லை, அதனால் இரண்டு வேடத்தையும் ஒரே நடிகர் போட்டிருக்க முடியும்.

இதைக் கேட்டவுடன் 'அப்படியானால் எல்லாம் வெறும் பாவனைதானே' என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு நான் சொல்வது போலஸ் கதை. போலஸ் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் பேர்போன நடிகர். சோஃபோக்ளிஸின் 'எலெக்ட்ரா'வில் அவருக்கு எலெக்ட்ரா வேடம். தம்பி ஒரெஸ்டஸ் இறந்துவிட்டான் என்று நம்பி, அவனுடைய சாம்பல் என்று கொடுக்கப்பட்ட கலசத்தைக் கையில் ஏந்தி அவள் அழும் காட்சி அதில் உண்டு. போலஸ் அப்போதுதான் தன் மகனைப் பறிகொடுத்திருந்தார். மகனின் கல்லறையிலிருந்து சாம்பல் கலசத்தை எடுத்துவந்து, அதையே கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தக் காட்சியை நடித்தார் என்று ரோமானிய எழுத்தாளர் கெல்லியஸ் எழுதிவைத்திருக்கிறார். மகனை இழந்த தகப்பன் ஊர் முன்னால் வாய்விட்டு அழ ஒரு அக்காவின் முகமூடி தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு இந்தக் கதை மறப்பதே இல்லை.

பார்வையாளர்களில் பெண்கள் இருந்தார்களா?

அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் விஷயம் இது. பிளேட்டோ எழுதியவற்றில் இரண்டு இடங்களைப் பார்த்தால் இருந்தார்கள் என்று தோன்றும். ஆனால் நாடகங்கள் முதன்மையாக மனத்தில் வைத்துப் பேசுவது குடியுரிமை பெற்ற ஆண்களிடம். அதில் பெரிய சர்ச்சை இல்லை.

அன்றைய ஏதென்ஸில் நிஜப் பெண்களின் நிலை எப்படி இருந்தது?

ஒரு பெண்ணுக்கு வாழ்நாள் முழுக்க ஒரு ஆண் காப்பாளர் உண்டு. முதலில் அப்பா, அப்புறம் கணவன், கணவன் போனால் மகன் அல்லது வேறொரு உறவுக்காரர். நீதிமன்றத்தில் அவள் தானாக வழக்குப் போட முடியாது, சபையில் பேச முடியாது, ஒரு அளவுக்கு மேல் கொடுக்கல் வாங்கல் செய்ய முடியாது. சின்ன வயசிலேயே, தன்னைவிட ரொம்பப் பெரியவனுக்குச் சீதனத்தோடு கட்டிக்கொடுத்துவிடுவார்கள். கி.மு. 451-இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி அப்பா அம்மா இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. ஆகவே மனைவியின் கற்பு நகரத்தின் கவலையாகவே ஆனது.

அதே பெரிக்ளிஸ் போரில் இறந்தவர்களுக்கான அஞ்சலி உரையில், நல்லதோ கெட்டதோ, ஆண்கள் மத்தியில் மிகக் குறைவாகப் பேசப்படுவதுதான் ஒரு பெண்ணுக்குப் பெருமை என்று விதவைகளைப் பார்த்துச் சொன்னதாக அக்கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். புருஷனைப் பறிகொடுத்து நிற்கிறவர்களுக்குச் சொன்ன ஆறுதல் அது!

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெண்களுக்கு அதிகாரம் இருந்தது, வழிபாட்டில். ஊரின் காவல் தெய்வமான அதீனாவின் முதன்மைப் பூசாரி ஒரு பெண். தெஸ்மொஃபோரியா என்ற விழாவைப் பெண்கள் மட்டுமே நடத்தினார்கள். செத்தவர்களைக் குளிப்பாட்டி, அலங்கரித்து, ஒப்பாரி வைத்ததும் அவர்கள்தான்.

வீட்டுக்குள் இருக்கச் சொன்ன ஊர், மேடையில் மட்டும் ஏன் இத்தனை பெண்களை நிறுத்தியது?

எல்லாருக்கும் முதலில் வரவேண்டிய கேள்வி இது. ஒரு காரணம், கதைகளே அப்படி. துன்பியல் நாடகம் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கும் கொலையை. கணவனை மனைவி, தாயை மகன், மகளை அப்பா. அங்கே பெண் இல்லாமல் கதையே இல்லை. இன்னொரு காரணம் என் மனசுக்குப் பட்டது. ஊர்ச் சபையில் ஒரு ஆண் தன் பயத்தையோ, இந்தப் போர் எதற்கு என்ற சந்தேகத்தையோ, இறந்தவர் மேல் தனக்கிருக்கும் பாசத்தையோ வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஒரு ராணியின் வாய் வழியாக அதையெல்லாம் சொல்ல வைக்கலாம். அதற்காகக் கதவைத் திறந்து அவளை வெளியே வரச் செய்தார்கள். வந்தவளோ அவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பேசிவிட்டாள்.

வெளியே வருகிற பெண்கள் அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டேதான் வருகிறார்கள். சோஃபோக்ளிஸின் 'ஆன்டிகனி'யில் ஆன்டிகனி தங்கையை வாசலுக்கு வெளியே கூட்டி வந்திருப்பது யார் காதிலும் விழாமல் பேசத்தான். 'ஹெரக்ளீஸின் பிள்ளைகள்' நாடகத்தில் ஒரு இளம்பெண், மௌனமும் அடக்கமும் வீட்டுக்குள் இருப்பதும்தான் பெண்ணுக்கு அழகு, ஆனாலும் அழுகுரல் கேட்டு வந்தேன் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வருகிறாள். வந்தவள் ஊரைக் காப்பாற்ற உயிரையே கொடுக்கிறாள். எலெக்ட்ராவை அம்மா கிளைட்டம்னெஸ்ட்ரா திட்டும்போது, வீட்டு ஆண் ஊரில் இல்லாததால்தானே இப்படி வாசலில் திரிகிறாய் என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

கிளைட்டம்னெஸ்ட்ரா வில்லிதானே?

கதையை ஒரு வரியில் சொன்னால் அப்படித்தான் தெரியும். பத்து வருடம் டிராய் போருக்குப் போய் வென்று திரும்பிய கணவன் அகமெம்னானைக் குளியலறையில், வலை போன்ற ஒரு துணியைப் போர்த்தி, மூன்று முறை வெட்டிக் கொன்றவள். ஆனால் கி.மு. 458-இல் ஈஸ்கிலஸ் போட்ட 'அகமெம்னான்' நாடகத்தைப் பொறுமையாகப் படியுங்கள். கொலைக்கு ரொம்ப முன்னாலேயே கோரஸ் வேறொரு கொலையைப் பாடுகிறது. டிராய்க்குக் கப்பல் விடக் காற்று வேண்டும் என்பதற்காக அகமெம்னான் தன் மகள் இஃபிஜீனியாவைப் பலி கொடுத்த கதை. ஆட்டுக்குட்டியைப் போல் அவளைப் பலிபீடத்தின் மேல் தூக்கிப் பிடிக்கிறார்கள். வீட்டின் மேல் சாபம் விழும்படி எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று வாயைக் கட்டிவிடுகிறார்கள். மஞ்சள் அங்கி தரையில் சரிகிறது. பேச முடியாத அந்தப் பெண், சுற்றி நிற்கிற ஒவ்வொருவனையும் கண்ணால் கெஞ்சுகிறாள். அப்பாவின் விருந்துகளில் பாட்டுப் பாடிய பெண் அவள் என்று கோரஸ் அந்த இடத்தில் நினைவுகூர்கிறது. இதைப் படித்துவிட்டுக் கிளைட்டம்னெஸ்ட்ராவை வெறும் கள்ளக்காதலுக்காகக் கொன்றவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நாடகத்தின் தொடக்கத்திலேயே கூரை மேல் படுத்திருக்கும் காவல்காரன், ஆண்போலத் திட்டமிடும் நெஞ்சுடைய பெண் என்று அவளைச் சொல்கிறான். டிராய் விழுந்த செய்தி மலைக்கு மலை தீ மூட்டி ஒரே இரவில் அவள் ஊரான ஆர்கோஸ் வந்துசேர ஏற்பாடு செய்தவள் அவள்தான். கோரஸில் இருக்கும் கிழவர்கள், பெண் பிள்ளை பேச்சு என்று முதலில் நம்ப மறுக்கிறார்கள். கணவன் வந்ததும் கருஞ்சிவப்புத் துணியைக் கதவு வரை விரித்து, அதன் மேல் நடக்கச் சொல்கிறாள். அவன் தயங்குகிறான். தெய்வங்களுக்கு உரிய மரியாதை அது, என்னைப் பெண்ணைப் போலச் சீராட்டாதே என்கிறான். கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறான். அந்தக் கதவு அவள் கையில் இருக்கிறது. யார் எப்போது உள்ளே போக வேண்டும் என்று முடிவு செய்வது அவள்தான்.

அவள் சொல்லுக்கு அடங்காத ஒரே ஒருத்தி கசாண்ட்ரா. டிராயிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட இளவரசி, நடக்கப்போவது தெரியும், ஆனால் யாரும் நம்ப மாட்டார்கள் என்ற சாபம் பெற்றவள். கிளைட்டம்னெஸ்ட்ரா உள்ளே வா என்று கூப்பிடும்போது ஒரு வார்த்தை பேசாமல் வண்டியிலேயே நிற்கிறாள், ராணிதான் தோற்றுத் திரும்புகிறாள். அப்புறம் வீட்டுக்குள் தன் சாவும் அகமெம்னானின் சாவும் காத்திருப்பதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாள். கிழவர்களுக்குப் புரியவில்லை. இந்தக் கதவைப் பாதாளத்தின் வாசல் என்று அழைக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் காலால் நடந்தே உள்ளே போகிறாள். கிரேக்க நாடகத்தில் இதைவிடத் தைரியமான நடையை நான் படித்ததில்லை.

'தாய் பெற்றவள் ஆகமாட்டாள்' என்று அப்பல்லோ வாதாடுவது நிஜமா?

நிஜம்தான். 'அகமெம்னான்' ஒரு முத்தொடரின் முதல் நாடகம். அதன் மூன்றாம் நாடகத்தில், அப்பாவுக்காகப் பழிவாங்கத் தாய் கிளைட்டம்னெஸ்ட்ராவைக் கொன்ற ஒரெஸ்டஸின் விசாரணையில் வருகிறது. தகப்பன்தான் பெற்றவன், தாய் விதைத்த பயிரைக் காக்கும் செவிலி மட்டுமே என்று ஒரெஸ்டஸுக்காக வாதாடும் அப்பல்லோ தெய்வம் சொல்கிறான். தாய் வயிற்றில் பிறக்காத அதீனா, கல்யாணம் தவிர மற்ற எல்லாவற்றிலும் நான் ஆண் பக்கம் என்று சொல்லி ஒரெஸ்டஸுக்கு ஓட்டுப் போடுகிறாள். வாக்குகள் சமம், ஒரெஸ்டஸ் விடுதலை.

எனக்கு இந்த இடம் ஒவ்வொரு முறையும் கசக்கிறது. ஈஸ்கிலஸ் இதை நம்பினாரா, அல்லது எவ்வளவு மெலிந்த வாதம் என்று காட்டினாரா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்று மட்டும் உறுதி. தாயின் இரத்தத்துக்குப் பழி கேட்டு வந்த எரினிகள் என்ற பெண் தெய்வங்களை வாதத்தால் மடக்கியதோடு நாடகம் முடிந்துவிடவில்லை. அதீனா அவர்களிடம் நான்கு தடவை இறங்கிப் பேசி, மரியாதையும் இருப்பிடமும் தந்து, ஊருக்குள்ளேயே குடிவைக்க வேண்டியிருக்கிறது.

ஆன்டிகனியைப் பெண் உரிமைப் போராளி என்று சொல்லலாமா?

சொல்கிறவர்கள் நிறைய. கதை தெரியாதவர்களுக்கு: துரோகி என்று அறிவிக்கப்பட்ட அண்ணனின் உடலை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்று அரசனான மாமன் கிரியோன் கட்டளை போடுகிறான், ஆன்டிகனி மீறி மண் போடுகிறாள், உயிரோடு குகையில் அடைக்கப்படுகிறாள். கி.மு. 441 வாக்கில் அரங்கேறியது.

அவள் பெண்களின் உரிமைக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்களின் வேலையாக எப்போதும் இருந்த ஒன்றைச் செய்ய விடுங்கள் என்றுதான் நிற்கிறாள். செத்தவனைக் கவனிப்பது, அழுவது, மண் போடுவது. வெறும் கூட்டைக் கண்ட பறவை போலக் கீச்சிட்டு அழுதாள் என்று காவல்காரன் சொல்கிறான். அதை ஆண் பெண் சண்டையாக மாற்றுகிறவன் கிரியோன். நான் உயிரோடு இருக்கும்வரை ஒரு பெண் என்னை ஆளமாட்டாள் என்கிறான். விழுந்துதான் ஆக வேண்டும் என்றால் ஒரு ஆணிடம் விழலாம், பெண்ணுக்குத் தோற்றவன் என்ற பேர் வேண்டாம் என்கிறான். சட்டம், நகரம், ஒழுங்கு என்று என்னவெல்லாமோ பேசினாலும் அவனைச் சுட்டது எது என்று அந்த வரிகளில் தெரிந்துவிடுகிறது.

குகைக்குப் போகும் முன் அவள் சொல்லும் ஒன்று பலரைக் குழப்புகிறது. கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இதைச் செய்திருக்க மாட்டேன், கணவன் போனால் இன்னொருவன் கிடைப்பான், அப்பா அம்மா செத்த பிறகு இன்னொரு சகோதரன் பிறக்க மாட்டான் என்கிறாள். இந்த வரிகள் இடைச்செருகல் என்று யாராவது நிரூபித்தால் நல்லது என்று ஜெர்மன் கவிஞர் கதே ஆசைப்பட்டார். எனக்கு அவை வேண்டும். சாகப்போகிற ஒரு சின்னப் பெண் தன் பிடிவாதத்துக்குக் காரணம் தேடித் தடுமாறுவது அது. சிலையாகிவிடாமல் அவளை மனுஷியாக வைத்திருப்பதே அந்தத் தடுமாற்றம்தான்.

தங்கை இஸ்மீனி கோழையா?

அப்படி எழுதிவிடுவது சுலபம். நாம் பெண்களாகப் பிறந்தவர்கள், ஆண்களோடு மோத முடியாது என்று அவள் சொல்வது அன்றைய நிலைமையின் நேரான விவரிப்பு. பிறகு, செய்யாத குற்றத்தில் பங்கு கேட்டு அக்காவோடு சாக முன்வருகிறாள். அக்காதான் தள்ளிவிடுகிறாள்.

யூரிப்பிடிஸ் பெண்களை வெறுத்தாரா, ஆதரித்தாரா?

இந்தக் கேள்வி அவர் உயிரோடு இருந்தபோதே எழுந்தது. கி.மு. 411-இல் அரிஸ்டாஃபனிஸ் ஒரு நகைச்சுவை நாடகமே போட்டார். அதில் ஏதென்ஸ் பெண்கள் கூடி, எங்களைப் பற்றி மேடையில் கேவலமாக எழுதுகிறார் என்று யூரிப்பிடிஸுக்குத் தண்டனை கொடுக்கத் தீர்மானிக்கிறார்கள். அவர் எழுதிய 'ஹிப்பொலிட்டஸ்' நாடகத்தில் பெண்களைத் திட்டும் நீண்ட வசனமும் இருக்கிறது, கோயிலில் பொன்னோ இரும்போ கொடுத்துப் பிள்ளைகளை வாங்கிக்கொள்ளும்படி கடவுள் வைத்திருந்தால் பெண்களே தேவைப்பட்டிருக்காது என்று ஹிப்பொலிட்டஸ் கத்துகிறான். ஆனால் அப்படிக் கத்துகிறவன் நாடகத்தில் என்ன ஆகிறான் என்றும் பாருங்கள்.

கி.மு. 431-இல் வந்த 'மெடியா'வில் நாம் அவளை முதலில் பார்ப்பதில்லை, கேட்கிறோம். கதவுக்கு உள்ளிருந்து அலறல் வருகிறது. அப்புறம் வெளியே வருகிறாள், வந்ததும் நிதானமாக, கொரிந்துப் பெண்களே, நீங்கள் என்னைக் குறை சொல்லக் கூடாது என்றுதான் வெளியே வந்தேன் என்று ஆரம்பிக்கிறாள். பணம் கொட்டிக் கொடுத்துக் கணவனை வாங்குகிறோம், வாங்கியவன் நம் உடம்புக்கு எஜமானாகிறான் என்கிறாள். வீட்டில் சலித்தால் அவன் வெளியே போய்க்கொள்ளலாம், நமக்கு அந்த ஒரு முகம்தான். வீட்டில் ஆபத்தில்லாமல் இருக்கிறீர்கள் என்கிறார்களே, ஒரு பிள்ளை பெறுவதைவிட மூன்று முறை கேடயத்தோடு போர் வரிசையில் நிற்பேன் என்கிறாள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆண்களில் பெரும்பாலோர் போர் வரிசையில் நின்றவர்கள், நிற்கப்போகிறவர்கள். அந்த வருடம்தான் ஸ்பார்ட்டாவோடு பெரும்போர் மூண்டது.

தன்னை விட்டு இளவரசியைக் கட்டிய கணவன் ஜேசனைப் பழிவாங்க, அவனுக்குத் தான் பெற்ற இரண்டு மகன்களையும் அவளே கொல்கிறாள். பழைய கதை வடிவங்கள் சிலவற்றில் பிள்ளைகளைக் கொன்றவர்கள் கொரிந்து மக்கள். கடைசியில் ஜேசன் ஓடிவந்து கதவைத் திறக்கச் சொல்லி உலுக்குகிறான், உள்ளே பிணங்கள் கிடக்கும் என்று பார்வையாளர்களும் கதவையே பார்த்திருப்பார்கள். எதற்கு இந்தக் கதவை உலுக்குகிறாய் என்ற குரல் மேலிருந்து வருகிறது. சூரியன் தந்த தேரில், பிள்ளைகளின் உடல்களோடு, கூரைக்கு மேலே நிற்கிறாள். அதுவரை எந்தப் பெண்ணையும் அடைத்து வைத்த கதவு அங்கே ஒன்றுமில்லாமல் போகிறது. அன்று யூஃபோரியான் என்பவர் முதல் பரிசு, சோஃபோக்ளிஸ் இரண்டாவது, யூரிப்பிடிஸுக்குக் கடைசி இடம்.

வெறுத்தாரா ஆதரித்தாரா என்று கேட்டால், எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர் பெண்களைக் கவனித்தார், ஊருக்குப் பிடிக்காத அளவுக்குக் கவனித்தார்.

'நல்ல மனைவி' ஆல்செஸ்டிஸ் பற்றி?

யூரிப்பிடிஸின் நாடகத்தில் கணவன் அட்மீட்டஸுக்குப் பதிலாகத் தான் சாக ஒப்புக்கொண்டவள். சாகும் நாளில் குளித்து, உடுத்தி, வீட்டில் உள்ள எல்லாப் பலிபீடங்களிலும் கும்பிட்டுவிட்டு, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நடந்தவள், படுக்கையைப் பார்த்ததும் விழுந்து அழுகிறாள். எழுந்து வெளியே போவாள், திரும்பி வந்து மறுபடி விழுவாள். வேலைக்காரி சொல்லித்தான் இது நமக்குத் தெரிகிறது. முடிவில் ஹெரக்ளீஸ் அவளைச் சாவிடமிருந்து மீட்டு, முக்காடு போட்டுக் கூட்டிவருகிறான். மூன்று நாள் அவள் பேசக் கூடாது என்று விதி. கணவனிடம் அவள் என்ன சொல்வாள் என்று கேட்கக் காத்திருக்கிறோம், நாடகம் முடிந்துவிடுகிறது. சந்தோஷமான முடிவு என்று இதைச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துவரவில்லை.

போரில் தோற்ற பக்கத்துப் பெண்களைப் பற்றி எழுதினார்களா?

யூரிப்பிடிஸின் 'டிராய்ப் பெண்கள்', கி.மு. 415. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஏதென்ஸ் படை மீலோஸ் தீவைப் பிடித்து, வயது வந்த ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமையாக விற்றிருந்தது. சில மாதத்தில் அதே ஊர் ஆண்கள் முன்னால், எரிந்த டிராயின் பெண்கள் யாருக்கு யார் அடிமை என்று காத்திருக்கும் நாடகம்.

இங்கே கதவே கிடையாது, கூடாரங்கள்தான். போரில் செத்த டிராய் இளவரசன் ஹெக்டரின் மனைவி அந்த்ரோமகி சொல்வது என்னை உலுக்கிய இடம். வீட்டை விட்டு வெளியே போனால் பேர் கெடும் என்று ஆசையை அடக்கி உள்ளேயே இருந்தேன், நல்ல மனைவி என்ற பேர் கிரேக்கர் பாசறை வரைக்கும் போனது, அந்தப் பேருக்காகவே என் கணவனைக் கொன்றவனின் மகன் என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டான் என்கிறாள். சொன்னபடி நடந்தவளுக்கும் அதுதான் கதி.

அவள் மகன், சின்னக் குழந்தை அஸ்டியானக்ஸை, மதிலிலிருந்து தூக்கி எறிகிறார்கள். பெட்டிக்குப் பதில் அப்பாவின் கேடயத்திலேயே வைத்துக் கொண்டுவருகிறார்கள். பாட்டி ஹெக்குபா அந்தக் கேடயத்தின் பிடியில் மகன் கைபட்ட தடத்தையும், விளிம்பில் அவன் தாடி அழுத்திச் சொட்டிய வியர்வைக் கறையையும் பார்க்கிறாள். பேரனை அந்தக் கறையோடு புதைக்கிறாள்.

ஏன் இவ்வளவு ஒப்பாரி?

ஏனென்றால் ஊரில் அதைக் கட்டுப்படுத்தியிருந்தார்கள். சவ ஊர்வலத்தில் பெண்கள் கன்னத்தைக் கீறிக்கொள்ளக் கூடாது, இப்படித்தான் நடக்க வேண்டும் என்றெல்லாம் ஏதென்ஸுக்குச் சட்டங்கள் வகுத்த சோலோன் காலத்திலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஒப்பாரி பழியை நினைவில் வைத்திருக்கும், பழி பழிக்குப் பழியைக் கொண்டுவரும் என்ற பயம். தெருவில் அடக்கியது மேடையில் வந்தது.

பெண்கள் பலர் பேசாமல் உள்ளே போய்ச் செத்துவிடுகிறார்களே?

ஆமாம், கவனித்ததற்குச் சந்தோஷம். ஹிப்பொலிட்டஸின் சிற்றன்னை ஃபீட்ரா தூக்கு. ஆன்டிகனி தன் மெல்லிய துணியில் தூக்கு. ஈடிபஸின் தாயும் மனைவியுமான ஜோகாஸ்டா உள்ளே போகிறாள், தூக்கு. டியனீரா ஒரு வார்த்தை பேசாமல் போய்க் கல்யாணக் கட்டிலில் வாளால் குத்திக்கொள்கிறாள். கிரியோனின் மனைவி யூரிடிசி நாடகம் முழுக்கப் பேசுவது 9 வரி. அதீனாவைக் கும்பிடப் புறப்பட்டு, கதவின் தாழ்ப்பாளை நீக்கும்போது வீட்டுச் சாவு காதில் விழுந்தது என்று சொல்கிறாள். மகன் ஹீமோன் செத்த விதத்தை முழுக்கக் கேட்கிறாள். திரும்பி உள்ளே போகிறாள். ரொம்பப் பெரிய மௌனமும் ரொம்பப் பெரிய கூச்சலைப் போல ஆபத்தானது என்று வெளியே நிற்பவர்கள் பதறுகிறார்கள். அதற்குள் முடிந்துவிடுகிறது.

ராணிகள் மட்டும்தானா? சாதாரணப் பெண்கள்?

செவிலிகளும் அடிமைப் பெண்களும் உண்டு, அவர்களில் எனக்குப் பிடித்தவள் சிலிசா. ஈஸ்கிலஸின் அந்த முத்தொடரின் இரண்டாம் நாடகத்தில் வருகிறாள், ஒரெஸ்டஸைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள். அவன் செத்துவிட்டான் என்ற பொய்ச் செய்தியை உண்மை என்று நம்பி அழுதுகொண்டே வருகிறாள். துணியில் சுற்றிய குழந்தைக்குப் பசியா, தாகமா, மூத்திரம் வருகிறதா என்று சொல்லவா தெரியும், வயிறு அதன் பாட்டுக்கு வேலை செய்யும், முன்கூட்டியே கணிக்கப் பார்ப்பேன், பல நேரம் ஏமாந்து துணி துவைத்துக்கொண்டிருப்பேன், வண்ணாத்தியும் நான்தான் செவிலியும் நான்தான் என்கிறாள். கொலையும் சாபமும் நிறைந்த நாடகத்தின் நடுவில் குழந்தைத் துணி! அதோடு நிற்கவில்லை. காவலாட்களோடு வரச்சொல் என்று எஜமானி கிளைட்டம்னெஸ்ட்ரா தன் காதலன் ஏஜிஸ்தஸுக்குக் கொடுத்தனுப்பிய செய்தியை, தனியாக வரச்சொன்னார்கள் என்று மாற்றிப் போய்ச் சொல்கிறாள். அந்த ஒரு மாற்றத்தால்தான் ஒரெஸ்டஸின் திட்டம் பலிக்கிறது.

எதில் ஆரம்பிக்கலாம்?

'மெடியா'. பிறகு 'ஆன்டிகனி', அதன் பின் 'அகமெம்னான்'. மனசு திடமாக இருக்கும் நாளில் 'டிராய்ப் பெண்கள்'. முடிந்தால் நாலு பேர் சேர்ந்து சத்தமாகப் படியுங்கள், கோரஸ் பாட்டுகளைத் தாண்டிப் போகாதீர்கள். எங்கள் கூட்டத்தில் சிலிசாவின் பகுதியை மூன்று பிள்ளைகளை வளர்த்த ஒரு அம்மா படித்தார். துணி துவைக்கும் வரியில் கொஞ்சம் நிறுத்தி, 'இதை எழுதினவர் வீட்டில் கைக்குழந்தை இருந்திருக்கு' என்றார். பிறகு தேடிப் பார்த்தோம். ஈஸ்கிலஸுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் யூஃபோரியான், 'மெடியா' கடைசியாக வந்த வருடம் முதல் பரிசு வாங்கியவர்.